பத்துத் தடவை எழுதினால் வாசிப்பு வந்துவிடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் படித்துக்கொண்டு, ஒரு பத்தியைக் கூடத் தடுமாறாமல் வாசிக்க முடியாத பிள்ளைகள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். வாயால் கேட்டால் டாண் டாண் என்று பதில் சொல்வார்கள். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருவார்கள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் முகம் மாறிவிடும். ‘கவனம் பத்தாது’, ‘சேட்டை அதிகம்’, ‘வீட்டில் உட்கார வைத்துப் பத்துத் தடவை எழுத வையுங்கள்’ என்றுதான் பெற்றோருக்குச் சொல்லப்படுகிறது. வாசிப்பைத் தடுக்கும் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாட்டின் பெயர் இப்போது பலருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரோடு வரும் ஆலோசனைகள் பெரும்பாலும் ஆங்கில வாசிப்பைப் பற்றியவை. ஆங்கிலத்தின் b, d எழுத்துகளை இடம் வலம் மாற்றிப் படிப்பார்கள் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். தமிழில் பிள்ளைகள் தடுக்கும் இடங்கள் வேறு: கொம்பு, கால், புள்ளி, குறில் நெடில். அந்த இடங்களைத் தெரிந்துகொண்டு சொல்லிக்கொடுத்தால் வீட்டிலும் வகுப்பிலும் தினமும் இருபது நிமிடத்தில் நிறையச் செய்யலாம். இதைத் தங்கள் வாசகர்களான பெற்றோரும் ஆசிரியர்களும் அறிய வேண்டும் என்றே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பத்துத் தடவை எழுதும் தண்டனை. ‘படம்’ என்பதைப் பத்து வரியில் எழுதச் சொன்ன பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். முதலில் பத்து ‘ப’வை மேலிருந்து கீழாக வரிசையாக எழுதும். அடுத்து அவற்றின் பக்கத்தில் பத்து ‘ட’. கடைசியாகப் பத்து ‘ம்’, அதிலும் புள்ளிகள் எல்லாம் ஒரே மூச்சில். நோட்டில் பத்துச் சொற்கள் இருக்கும். பிள்ளை ஒரு தடவை கூட ‘படம்’ என்று சொல்லியிருக்காது, நினைத்திருக்காது. கைக்கு வேலை நடந்தது, வாசிப்புக்கு ஒன்றும் நடக்கவில்லை. பத்துத் தடவைக்குப் பதில் இரண்டே தடவை, ஒவ்வொரு ஒலியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

கண்பார்வையையும் காதுகேட்பதையும் ஒரு முறை பரிசோதித்துவிட வேண்டும். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துப்போகும் பிள்ளைக்கு ‘ப’வும் ‘வ’வும், ‘ந’வும் ‘ம’வும் ஒன்றுபோலவே கேட்கலாம். அது சரியாக இருந்தால் அடுத்தது, எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிப்பது. பாடப்புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் இது தெரியாது. வகுப்பே சேர்ந்து உரக்கச் சொல்லிச் சொல்லிப் பாடம் மனப்பாடம் ஆகியிருக்கும். படத்தைப் பார்த்தே முழுப் பக்கத்தையும் ஒப்பிக்கிற பிள்ளைகள் உண்டு. பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து ‘இது என்ன?’ என்று கேளுங்கள். முதல் சொல்லிலிருந்து விரலை ஓட்டி எண்ணிக்கொண்டே வந்து அந்தச் சொல்லைச் சொன்னால், பிள்ளை வாசிக்கவில்லை, நினைவிலிருந்து ஓட்டுகிறது.

சரியாகப் பார்க்க நான்கு சோதனை போதும். ஒன்று, எழுத்தே இல்லாமல் காதால் மட்டும்: ‘மரம்’ என்பதில் ‘ம’வை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? ‘பல்’லில் ‘ப’வுக்குப் பதில் ‘க’ போட்டால் என்ன வரும்? ‘படம்’, ‘பாடம்’ இரண்டும் ஒன்றா, வேறா? இரண்டு, முப்பது எழுத்துகளை வரிசை கலைத்துக் காட்டுவது. வரிசையாகக் காட்டினால் பாட்டுப்போல ஓடிவிடும், அதனால்தான் கலைக்கச் சொல்கிறேன். மூன்று, பொருளே இல்லாத சொற்கள்: கேமுட, தோலபி போல எட்டுப் பத்து. இவற்றை ஊகிக்க முடியாது. எழுத்தைக் கூட்டித்தான் படித்தாக வேண்டும். நான்கு, பிள்ளை இதுவரை பார்த்திராத ஒரு சிறு கதையை ஒரு நிமிடம் வாசிக்கவிட்டுத் தவறுகளை அப்படியே குறித்துக்கொள்வது. தவறு என்று வெறுமனே பெருக்கல் குறி போடாமல், என்ன எழுதியிருந்தது, பிள்ளை என்ன சொன்னது என்று இரண்டையும் எழுத வேண்டும். பத்துத் தவறுகளை எழுதிப் பார்த்தாலே ஒரு ஒழுங்கு கண்ணில் படும்.

காதுச் சோதனையில் தடுக்குகிற பிள்ளைக்கு எழுத்தட்டையைக் காட்டிப் பயனில்லை. ஒரு வாரமாவது ஒலி விளையாட்டு வேண்டும். புத்தகம் இல்லாமல், சாப்பிடும்போதும் பள்ளிக்கு நடக்கும்போதும் செய்யலாம். முதல் ஒலி, கடைசி ஒலி, அசையைக் கைதட்டி எண்ணுவது, ஓர் ஒலியை மாற்றுவது. குறில் நெடிலுக்கு நம் மொழியில் அருமையான இணைகள் இருக்கின்றன: விடு, வீடு, எடு, ஏடு, கொடு, கோடு, முடி, மூடி, கல், கால். நெடிலுக்குக் கையை நீட்டுவது, குறிலுக்குச் சொடக்குப் போடுவது என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ஒற்றுக்கும் இப்படியே: குடி, குட்டி, பாடு, பாட்டு, தடு, தட்டு, எடு, எட்டு. காது இந்த வேறுபாட்டைப் பிடிக்காதவரை கண்ணுக்கு அந்தப் புள்ளி ஒரு தூசிதான்.

எழுத்துக்கு வருவோம். நம் வழக்கத்தில் மெய்யெழுத்தை ‘இக், இங், இச்’ என்று ஓர் இகரம் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளை அந்த இகரத்தைத் தானாகவே உதறிவிடும். வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளை உதறாது. ‘ப, ட, இம்’ என்று எழுத்துக் கூட்டி ‘படயிம்’ என்று நிற்கும். ‘ம்’ என்றால் உதட்டை மூடி முனகும் ஒலி, அவ்வளவுதான் என்று காட்டுங்கள். ‘ல்’, ‘ர்’, ‘ன்’ போன்றவற்றையும் இப்படித் தனியாக ஒலித்துக் காட்டலாம். ‘க்’, ‘ட்’, ‘ப்’ போன்றவற்றைத் தனியாக ஒலிக்க முடியாது. எனவே முன்னெழுத்தோடு சேர்த்தே ‘பட்’, ‘பக்’, ‘கப்’ என்று பழக்க வேண்டும். ஒற்று எப்போதும் முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்: பட்-டம், பக்-கம். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதிச் சொற்கள் பிடிபடும்.

அகர வரிசையில் ‘அ’விலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வளைவு குறைந்த ‘ட, ப, ம’வில் தொடங்கினால் முதல் நாளே ‘படம்’, ‘மடம்’, அடுத்த நாள் ‘பட்டம்’, ‘மட்டம்’ என்று சொல்லாகவே வாசிக்க முடியும். பல வருடம் தோற்றுப்போன பிள்ளைக்கு முதல் நாளே ஒரு முழுச் சொல்லை வாசித்துவிட்டோம் என்பது சிறிய விஷயம் இல்லை. பிறகு க, ல, ர, த, வ என்று சேர்த்துக்கொண்டே போகலாம். பார்க்கவோ கேட்கவோ ஒத்திருக்கும் எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தாதீர்கள். ‘வேறுபாடு தெரியட்டும்’ என்று ண, ந, ன மூன்றையும் ஒரே நாளில் நடத்துவது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. மூன்றும் ஒன்றாகக் கலந்து, பின்னால் பிரிக்கவே முடியாமல் போய்விடும். ஒன்று உறுதியாகி இரண்டு மூன்று வாரம் கழித்து அடுத்தது. ல, ள, ழவுக்கும் ர, றவுக்கும் இதேதான். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு கணக்கு உதவும்: ‘ட’வுக்கு முன் வருவது மூன்று சுழி ‘ண்’, ‘த’வுக்கு முன் ‘ந்’, ‘ற’வுக்கு முன் இரண்டு சுழி ‘ன்’. வண்டி, பந்து, கன்று.

247 எழுத்து என்று மலைக்கவும் வேண்டாம். உயிர்மெய் 216-ஐத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைப்பதுதான் பிள்ளையை முறிக்கிறது. துணைக்கால் (கா), மேல்விலங்கு (கி), அதன் சுழி (கீ), கொம்புகள் (கெ, கே) என ஒன்பது குறி மாதிரிகள் பதினெட்டு எழுத்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி பொருந்தும். முதலில் காலை எடுத்துக்கொள்ளுங்கள். பாடம், காகம், மாலா, பால். இங்கே ஒரு பள்ளம் உண்டு: அச்சில் காலும் ‘ர’வும் ஏறத்தாழ ஒரே உருவம். ‘கால்’ என்பதைக் ‘கரல்’ என்று வாசிக்கும் பிள்ளை கவனமில்லாமல் வாசிக்கவில்லை. கண் பார்த்ததைத்தான் சொல்கிறது. முதல் சில வாரம் உயிர்க்குறிகளை எல்லாம் சிவப்பு மையிலும் மெய்யின் உருவத்தைக் கறுப்பிலும் எழுதிக் கொடுங்கள். ‘மரம்’, ‘மாமா’ இரண்டையும் அப்படி எழுதிக் காட்டினால் குழப்பம் நின்றுவிடும். பிறகு படிப்படியாகச் சிவப்பை விட்டுவிடலாம். மேல்விலங்கும் சுழியும் அதற்குப் பிறகு.

கொம்புதான் உண்மையான சோதனை. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முதலில் கண்ணில் படுகிறது, ஆனால் ஒலியில் ‘க்’ முதலில், ‘எ’ பிறகு. இடமிருந்து வலமாக வாசி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்த இடத்தில் மட்டும் வலத்தைப் பார்த்துவிட்டு இடத்துக்கு வா என்கிறோம். ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ‘கொடி’ என்பதைக் ‘கெரடி’ என்று வாசிப்பதும், ‘தோடு’ என்பதைத் ‘தேரடு’ என்பதும் இதனால்தான். இதற்கு ஒரு முறை இருக்கிறது. விரலை எப்போதும் கறுப்பு எழுத்தின்மேல், அதாவது நடுவில் வைக்க வேண்டும். ‘நடுவில் யார்?’ ‘க’. ‘முன்னால் என்ன?’ ‘ஒற்றைக்கொம்பு’. ‘பின்னால் கால் இருக்கிறதா?’ ‘இருக்கிறது’. ‘அப்படியானால்?’ ‘கொ’. கால் இல்லையென்றால் ‘கெ’. அட்டையில் எழுத்தையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக வெட்டிக் கொடுத்து, பிள்ளையே காலை ஒட்டிப் பார்த்து, எடுத்துப் பார்த்து, ஒலி மாறுவதைச் சொல்ல வேண்டும். ‘கெ’வும் ‘கா’வும் தனித்தனியாக உறுதியாகும் முன் ‘கொ’வைத் தொடவே கூடாது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குறில் நெடில் பிரச்சினை. மேலே சொன்ன கைச்சைகையோடு நடத்துங்கள். ‘கௌ’ வரிசையைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். அதன் பின்பகுதி ‘ள’வைப் போலவே இருப்பதால் தேர்ந்த வாசகரே ‘கௌ’ எது, ‘கெள’ எது என்று சொல்லை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார். அது வரும் சொற்களும் சொற்பம்.

ஒழுங்குக்கு அடங்காதவை உகரமும் ஊகாரமும். 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவங்கள். 1978-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகளின் தனி வடிவங்களை நீக்கி மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போகச் செய்தது. உகர வரிசையில் அது கைவைக்கவில்லை. எனவே இங்கே குழு பிரித்துத்தான் நடத்த வேண்டும். பு, சு, யு, வு: கீழே இறங்கும் கோடு. து, நு, லு, னு, று, ணு: கீழே சுழன்று மேலேறும் கோடு, இவற்றின் நெடிலுக்குக் கூடவே ஒரு கால்: தூ, நூ, லூ. அடுத்து மு, ரு, டு, ளு, ழு, கு. ஒரு வாரத்துக்கு ஒரு குழு, அதுவும் முதலில் குறில் மட்டும். ‘கூ’வைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், அது எதனோடும் சேராது. (தாத்தா காலத்துப் பழைய புத்தகத்தை எடுத்து இந்தப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுக்க வேண்டாம். சீர்திருத்தத்துக்கு முந்திய ‘லை’யும் ‘னா’வும் அவர்களுக்கு இன்னொரு சுமை.)

ஒரே எழுத்துக்குப் பல ஒலி என்பதும் சிலரைத் தடுக்கும். ‘கடல்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் ‘க’ வேறு வேறாக ஒலிக்கிறது. ‘பச்சை’, ‘பசி’, ‘பஞ்சு’ மூன்றிலும் ‘ச’ வேறு. எல்லாவற்றையும் கடல் ‘க’வாகவே வாசிக்கும் பிள்ளையிடம் விதி சொல்ல வேண்டாம். ‘இப்படி யாராவது பேசுவார்களா? நாம் எப்படிச் சொல்வோம்?’ என்று கேட்டால் போதும், வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். இதைத் தவறாகவே எண்ண வேண்டாம்.

இனி அந்த இருபது நிமிடம். இரவு ஒன்பது மணிக்கு வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்த பிறகு வைத்தால் வீண். பள்ளி விட்டு வந்து ஏதாவது சாப்பிட்டு, கொஞ்சம் விளையாடிய பின் வைத்துக்கொள்ளலாம். முதல் மூன்று நிமிடம் ஒலி விளையாட்டு. அடுத்த நான்கு நிமிடம் பத்து அட்டை: ஏழு தெரிந்தவை, மூன்று தடுமாறுபவை. பிறகு ஐந்து நிமிடம் புதியது ஒன்றே ஒன்று. ஒரு தாம்பாளத்தில் கால் அங்குல உயரத்துக்கு ரவையோ சலித்த மணலோ பரப்பி, இரண்டு விரலால் பெரிதாக எழுத வைக்க வேண்டும். எழுதும்போது ஒலியைச் சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம். வாயை மூடிக்கொண்டு மணலில் கோடு இழுத்தால் அது ஓவியப் பயிற்சியாகிவிடும். கண், காது, வாய், கை நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இந்த முறையை அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்ஹாமும் 1930-களில் வாசிப்புக் குறைபாட்டுக்கென்று ஒழுங்குபடுத்தினார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகள் மணலில்தான் விரலால் எழுதிப் பழகினார்கள். அடுத்த ஐந்து நிமிடம் அந்தப் புதிய எழுத்து வரும் ஆறேழு சொற்களும், அவற்றைக் கொண்டே அமைந்த இரண்டு வாக்கியங்களும். கடைசி மூன்று நிமிடம் சொல்வதை எழுதுதல்: நான்கு சொல், அதிகம் போனால் ஐந்து. நடத்தாத எழுத்து அதில் ஒன்றுகூட வரக் கூடாது. பத்துக்கு ஒன்பது சரி என்று மூன்று நாள் தொடர்ந்து வந்த பிறகே அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். அவசரப்பட்டு வாரத்துக்கு ஒரு வரிசை என்று ஓட்டினால் இரண்டு மாதத்தில் எல்லாம் கலந்து, மறுபடி ‘ட, ப, ம’வுக்கே வர வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மொத்தமாக உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது.

எழுத்துக் கூட்டத் தெரிந்த பிறகும் சில பிள்ளைகள் நீண்ட சொல்லைப் பார்த்தால் நின்றுவிடுவார்கள். ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்பதில் கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துவிடுகிறது. இங்கே வாலிலிருந்து தொடங்குவது உதவும். கள், ஐ, ஆல், உக்கு, இல், இலிருந்து, உடன், கிறான், கிறது, இருந்தது, கொண்டு, விட்டது என்று அடிக்கடி வரும் ஈறுகள் இருபதைத் தனி அட்டையில் பார்த்தவுடன் சொல்லப் பழக்குங்கள். பிறகு பிள்ளையே பென்சிலால் கோடு போட்டுப் பிரிக்கட்டும்: விளையாடி / கொண்டு / இருந்தார்கள். நடுவில் ‘க்’ எங்கிருந்து வந்தது என்ற விளக்கம் இப்போது வேண்டாம். அது இலக்கண வகுப்புக்கு உரியது.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தையும் நாம் மறந்துவிடுகிறோம். வீட்டில் ‘போயிட்டு இருக்கான்’, புத்தகத்தில் ‘சென்றுகொண்டிருக்கிறான்’. பிள்ளை கூட்டிப் படித்து முடித்தாலும் அது காதில் விழுந்த சொல்லாக இருப்பதில்லை. எனவே பாடத்தைத் தொடங்கும் முன் அந்தக் கதையைப் பேச்சுத் தமிழில் ஒரு முறை சொல்லிவிடுங்கள். ‘வீட்டிற்கு’ என்று இருப்பதை ‘வீட்டுக்கு’ என்று வாசித்தால் திட்டாதீர்கள். பொருள் புரிந்து வாசிக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ‘வீட்டிற்கு’ என்பதை ‘விட்டது’ என்று வாசிப்பதுதான் கவலைப்பட வேண்டிய தவறு. முன்பே சொன்ன தவறுப் பட்டியலில் இவை இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுத வேண்டும்.

சரளத்துக்கு 40 முதல் 60 சொல் உள்ள ஒரு பத்தி போதும். பெரியவர் ஒரு முறை விரலை ஓட்டி வாசிக்க, இரண்டாம் முறை இருவரும் சேர்ந்து, மூன்றாம் முறை பிள்ளை மட்டும். அன்றைக்கு அதோடு சரி. அதே பத்தியை மூன்று நான்கு நாள் வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வந்தது என்று நாட்காட்டியில் குறித்து வந்தால் ஏற்றம் பிள்ளைக்கே தெரியும். மற்ற பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம், நேற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அந்தப் பத்தி இப்போதைக்குக் கடினம், மாற்றுங்கள். நிற்கும் இடத்தில் உடனே சொல்லை எடுத்துக் கொடுக்காமல் மனத்துக்குள் நான்கு எண்ணுங்கள். வரவில்லையென்றால் தடுக்கும் குறியை மட்டும் விரலால் காட்டுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் திடீரென்று எழுப்பி ‘நீ வாசி’ என்பதை ஆசிரியர்கள் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வாசிக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் முந்தைய நாளே எந்த நான்கு வரி என்று சொல்லிவிடுங்கள்.

வாசிப்பு தேறும்வரை மற்ற பாடங்கள் காத்திருக்கக் கூடாது. அறிவியலையும் சமூக அறிவியலையும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் கைப்பேசியில் உள்ள தமிழ் ஒலிப்பு வசதியைப் பயன்படுத்தலாம். பதிலை வாயால் சொல்ல விடுங்கள். இல்லையெனில் மூன்று வருடத்தில் வாசிப்போடு சொல்வளமும் பொது அறிவும் சேர்ந்து பின்தங்கிவிடும், அதைச் சரிசெய்வது இன்னும் கடினம். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு எழுத்துமுறைகளையும் ஒரே இருக்கையில் நடத்த வேண்டாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

இந்தப் பெற்றோரின் தவிப்பைக் காசாக்குவோர் பெருகிவிட்டார்கள். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி, நினைவாற்றல் லேகியம் எதுவும் வாசிப்பைக் கொண்டுவராது. வண்ணக் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் அமைப்புகள் 2009-லேயே கூட்டாக அறிவித்துவிட்டன. மாதம் ஆயிரக்கணக்கில் கட்டும் முன், ‘என் பிள்ளைக்கு எந்த எழுத்தில் தடுக்கிறது, அதற்கு என்ன செய்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

சட்டப்படியான உதவியையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் பொதுவாக எட்டு வயதையொட்டித்தான் தரப்படுகிறது. அதற்காக ஆறு வயதுப் பிள்ளைக்கு உதவியைத் தள்ளிப்போடக் கூடாது. மேலே சொன்ன எதற்கும் சான்றிதழ் தேவையில்லை. பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிந்து உதவ அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்திலும், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களிடமும் விசாரிக்கலாம். சென்னையில் 1990-களின் தொடக்கத்திலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காகவே இயங்குகிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. மார்ச்சில் தேர்வை வைத்துக்கொண்டு ஜனவரியில் ஓடாமல், பள்ளி திறந்த மாதமே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. ஆனால் மொழிவிலக்கு வாங்கிவிட்டோம் என்று வாசிப்புப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். பேருந்துப் பலகையும் மருந்துச்சீட்டும் விலக்குத் தராது.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். தொடக்க வகுப்புகளுக்காக 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துவது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பருவம் முழுக்க அரும்பிலேயே நிற்கும் பிள்ளைக்கு அதே செயல்பாட்டை மறுபடி கொடுத்துப் பயனில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு பக்கத் தவறுப் படிவம் கொடுங்கள்: ஒலி, புள்ளி, குறில் நெடில், கால், கொம்பு, உகரம், நீண்ட சொல் என்று ஏழு கட்டம். ஆசிரியர் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். அடுத்த வகுப்புக்குப் பிள்ளை போகும்போது அந்தத் தாளும் கூடவே போகட்டும். இப்போது ஒவ்வொரு ஜூனிலும் புதிய ஆசிரியர் ‘அ’விலிருந்து தொடங்குகிறார்.

தங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. செய்தித்தாளின் ஒடுங்கிய பத்திகளில் நீண்ட சொற்கள் வரி முடிவில் எந்தக் குறியும் இல்லாமல் உடைந்து அடுத்த வரிக்குப் போகின்றன. ‘விளையா’ என்று ஒரு வரி முடிந்து ‘டினார்கள்’ என்று அடுத்த வரி தொடங்கினால், இப்போதுதான் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அவை இரண்டு புரியாத சொற்கள். படத்தின்மேல் வெள்ளை எழுத்தில் அச்சிடுவதும் அப்படியே. புள்ளி எது, படத்தின் துகள் எது என்று தெரிவதில்லை. தங்கள் சிறுவர் இணைப்பில் வாரம் ஒரு கதையை மட்டும் இந்தப் பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள். 60 சொல்லுக்குள், 18 புள்ளி அளவு எழுத்தில், வெள்ளைத் தாளில் கறுப்பு மையில், வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு இடைவெளி விட்டு, எந்தச் சொல்லும் வரி முடிவில் உடையாமல், வலப்பக்கத்தை நேராக்குவதற்காகச் சொற்களை இழுத்து நிரப்பாமல் அச்சிட்டால் போதும். பக்கத்தில் கால் பங்கு இடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
வாசிப்புப் பயிற்சி தரும் சிறப்புக் கல்வி ஆசிரியர்,
திருநெல்வேலி